நடுப்பட்டியல் ஆட்கள்

மலைப்பாதைச் சைக்கிள் பந்தயங்களின் முடிவுகளில் என் பெயரைக் கண்டுபிடிப்பது சுலபம். மேலிருந்தும் தேட வேண்டாம், கீழிருந்தும் தேட வேண்டாம். தாளைப் பாதியாக மடித்தால் மடிப்புக்கு அக்கம்பக்கத்தில் எங்காவது இருப்பேன். இந்தப் பருவம் முழுக்க அப்படித்தான் போனது. கால் சொன்ன பேச்சைக் கேட்ட அன்று மடிப்புக்குக் கொஞ்சம் மேலே, கேட்காத அன்று கொஞ்சம் கீழே.

ஜெயிக்கிறவர்களைப் பற்றி எழுத எப்போதும் ஆள் உண்டு. கடைசியில் வருகிறவர்களுக்கும் சரித்திரத்தில் இடம் இருக்கிறது. பிரான்ஸில் பல நாள், கட்டம் கட்டமாக நடக்கும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் 1910-இல் முதல்முறையாக பிரனீஸ் மலையின் உயரக் கணவாய்களுக்குள் நுழைந்தது. 2,115 மீட்டர் உயரத்தில் இருக்கும் தூர்மலே கணவாயை அன்று முதலில் கடந்தவர் ஒக்தாவ் லாபீஸ். போகிற வழியில் அமைப்பாளர்களைப் பார்த்து ‘கொலைகாரர்கள்’ என்று அவர் கத்தியதை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதே ஆண்டில்தான், முடியாமல் உட்கார்ந்துவிடுகிறவர்களை வாரிக்கொண்டு வர ஒரு வண்டியும் பந்தயத்தின் வாலில் சேர்ந்தது. துடைப்ப வண்டி என்று அதற்குப் பெயர். மொத்தத்தில் கடைசி இடம் பிடிப்பவருக்கு, ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் சிவப்பு விளக்கின் பெயரையே பட்டமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆக, முதல் ஆளுக்கும் பெயர் உண்டு, கடைசி ஆளுக்கும் பெயர் உண்டு. அன்று இருபதாவதாகவோ முப்பதாவதாகவோ தூர்மலேயைத் தாண்டியவர் என்ன ஆனார்? யாரும் மூச்சு விடுவதில்லை.

எனக்கு அந்த ஆள்மேல்தான் அக்கறை. அமெச்சூர் பந்தயத்தில் நிஜமான அடிதடி நடப்பது அவர் இருக்கிற இடத்தில்தான். முன்னால் போகிறவர்கள் ஆளுக்கொரு மூலையாகச் சிதறி, தனியாக ஓட்டி முடித்துவிடுவார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு நேர வரம்போடு போராட்டம். நடுவில் மட்டும்தான் எல்லைக்கோட்டை ஒரே நிமிடத்துக்குள் ஒரு பெரிய கும்பல் கடக்கும். ஒரு தண்ணீர் பாட்டிலை நிரப்ப நின்ற நேரத்தில் அங்கே பத்து இடம் போய்விடும்.

சமதளப் பந்தயத்தில் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டியே போனால் காற்றைக் கிழிக்கும் வேலையை அவர் பார்த்துக்கொள்வார்; நமக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். என்னைவிடப் பலசாலியான ஒருவரோடு இப்படி இரண்டு மணி நேரம் ஒட்டிக்கொண்டு போய்விடுவேன், அவருக்கே தெரியாது. சாலை நிமிர்ந்துவிட்டால் அந்த ஜம்பம் பலிக்காது. ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறக்குறைய 230 வாட் வேண்டும். அதில் 210 வாட் அப்படியே புவியீர்ப்புக்குப் போய்விடும். டயர் உராய்வுக்குப் பத்துப் பதினைந்து. காற்றுக்கென்று இருப்பது பத்துக்கும் குறைவு. எவ்வளவு அகலமான முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாலும் அந்தப் பத்துக்குள்தான் ஏதோ கொஞ்சம் மிச்சப்படுத்த முடியும்.

அதனால் முதல் பெரிய ஏற்றம் தொடங்கி கால் மணி நேரத்தில் கூட்டம் கரைந்துவிடும். கிலோவுக்கு எத்தனை வாட் என்ற ஒரே கணக்கில் மலை எல்லோரையும் வரிசைப்படுத்திவிடும். சிபாரிசு கிடையாது. பந்தயத்துக்குப் பந்தயம் இந்த வரிசை பெரிதாக மாறுவதும் கிடையாது. விளைவு என்னவென்றால், இடம் எதுவாக இருந்தாலும் ஏற்றத்தின் பாதியில் பக்கத்தில் பார்த்தால் அதே முகங்கள்தான். வெளுத்துப்போன பச்சைச் சட்டைக்காரர் ஒருவர். ஐம்பதைத் தாண்டிய, உயரமான ஒரு பெண்மணி. மிதிக்கும்போது இடது முழங்காலை வெளியே தள்ளும் ஒரு கல்லூரிப் பையன். பருவம் தொடங்கியபோது இவர்களில் யார் பெயரும் எனக்குத் தெரியாது. ஆனால் யாருக்கு எந்தச் சரிவில் மூச்சு வாங்கும், யார் தண்ணீர் குடித்த கையோடு வேகம் கூட்டுவார், யார் வளைவின் உள்பக்கம் போவார், வெளிப்பக்கம் போவார் என்பதெல்லாம் அத்துப்படி.

பருவத்தின் தொடக்கம் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. மெதுவாக, நீண்ட நேரம், பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில் பல வாரங்கள். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், ஏற்றத்தில் பத்துப் பத்து நிமிடமாகக் கடுமையான மிதி. இந்தக் கடும்பயிற்சி நாட்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்; எனக்கு அதில் சுவாரசியம் இல்லை. கடும்பயிற்சியைவிட, அடுத்த நாள் சும்மா இருக்கத் தெரிந்தவனுக்குத்தான் உடம்பு தேறுகிறது. பயிற்சியில் தசை பலவீனப்படுகிறது, ஓய்வில்தான் முன்னைவிடக் கூடுதலாகத் தேறிக்கொள்கிறது. இது எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஓய்வு நாளில் சைக்கிளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறவர்கள் குறைவு.

கியர் விஷயம் வேறு. அதைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்று போட்டிருக்கிறேன். ஒரு சுற்று மிதித்தால் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது ஏறக்குறைய 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 70 மிதி போட்டால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பத்துப் பதினோரு சதவீத ஏற்றத்திலும் முழங்கால் தப்பிக்கும். இந்தப் பெரிய பல்சக்கரத்தைப் பார்த்து, புறப்படும் இடத்தில் ஒருவர் “சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கே” என்று கிண்டலடித்தார். பின்னால் 28 பல்லோடு வந்திருந்த அவர் இரண்டாவது ஏற்றத்தில் சாலையின் முழு அகலத்துக்கும் பாம்பாக வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மூச்சும் இல்லை.

இந்த வீம்பு இன்று நேற்று வந்ததல்ல. டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்ச், கியர் மாற்றும் கருவி நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கானது என்கிற கருத்துள்ளவர். அவர் காலத்து வீரர்கள் பின்சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு பல்சக்கரம் பொருத்திக்கொண்டு, மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். கியர் மாற்றியை டூரில் அனுமதித்தது 1937-இல்தான். மனித வாழ்வில் வீம்புக்கு இடம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். முழங்காலில் இடம் இல்லை.

முதல் பந்தயத்தில் துப்பாக்கி வெடித்ததும் எல்லோரும் பேய் பிடித்தவர்கள் மாதிரிக் கிளம்பினார்கள். ஒவ்வொரு ஆண்டும் இதுதான். குளிர்காலம் முழுக்க அடக்கி வைத்திருந்ததை முதல் ஐந்து கிலோமீட்டரில் கொட்டிவிடுவார்கள். அவர்களைப் போகவிடுவதற்குத் தனித் தைரியம் வேண்டும். இடமும் வலமும் ஆட்கள் தாண்டிப்போகும்போது, கைப்பிடியில் இருக்கிற சின்னத் திரையில் தெரியும் வாட் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு, சரி, போங்கள் என்று மனசுக்குள் வழியனுப்ப வேண்டும். இரண்டாவது ஏற்றத்தில் அவர்களை ஒவ்வொருவராகத் திரும்பச் சந்திப்போம். அந்தச் சந்திப்புகளில் கிடைக்கும் அற்பச் சந்தோஷத்தை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

அந்த இரண்டாவது ஏற்றத்தில்தான் அந்தப் பெண்மணி முதல்முறையாக என்னோடு பேசினார். நாலைந்து வளைவுகளாக இருவரும் ஒரே வேகம். வேறு சத்தமே இல்லை. டயர் தாரில் உரசும் சத்தம், இரண்டு மூச்சு, அப்புறம் என் சங்கிலியிலிருந்து விட்டு விட்டு வரும் ஒரு கீச்சுச் சத்தம். முன்னால் பார்த்தபடியே சொன்னார்: “தம்பி, ஒண்ணு அதுக்கு எண்ணெய் விடுங்க, இல்ல முன்னாடி போங்க.” முன்னால் போக என்னால் முடியவில்லை. வேகத்தைக் குறைத்துப் பின்னால் போக மனமில்லை. மீதி ஏற்றம் முழுக்க அந்தக் கீச்சு எங்கள் இருவரோடும் கூடவே வந்தது. எல்லைக்கோட்டுக்கு அப்பால் அவர் தன் பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கப் போனார்.

சாப்பாட்டுக் கணக்கைச் சொல்லாமல் மலைப் பந்தயத்தைச் சொல்ல முடியாது. தசையிலும் கல்லீரலிலுமாக உடம்பு சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு நானூறு, ஐந்நூறு கிராம்தான். கலோரியாகப் பார்த்தால் அதிகபட்சம் இரண்டாயிரம். 230 வாட்டில் ஒரு மணி நேரம் மிதித்தால் எண்ணூறு கலோரிக்கு மேல் செலவாகும். ஐந்து மணி நேரப் பந்தயத்துக்கு நாலாயிரத்தைத் தொடும். கொழுப்பும் எரியும், ஆனால் ஏற்றத்தின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. எனவே ஓட்டிக்கொண்டே சாப்பிட்டாக வேண்டும். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராம் அளவுக்குத்தான் உறிஞ்சும். பிரக்டோஸ் வேறு வழியாக உள்ளே போவதால் இரண்டும் கலந்தால் 90 வரை போகலாம். வாழைப்பழம், பேரீச்சம்பழம், சர்க்கரைத் தண்ணீர், பிசுபிசுவென்று ஒட்டும் ஜெல் என்று பசிக்கும் முன்பே, பிடிக்காவிட்டாலும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நாலாவது மணி நேரத்தில் இனிப்பைக் கண்டாலே குமட்டும். நடுப்பட்டியல் ஆட்களில் பாதிப் பேரின் இடத்தைத் தீர்மானிப்பது காலைவிட வயிறுதான் என்பது என் கட்சி.

சேமிப்பு தீர்ந்தால் எப்படி இருக்கும் என்பதை அந்தக் கல்லூரிப் பையன் முகத்தில் பார்த்தேன். பருவத்தின் இரண்டாவது பந்தயம். அதுவரை எனக்கு நூறு மீட்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தவன், ஒரு வளைவு தாண்டியதும் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தான். முகம் வெளிறிப்போய், வியர்வை குளிர்ந்து, கையில் இருந்த ஜெல் பொட்டலத்தைக் கிழிக்கத் தெரியாமல் உருட்டிக்கொண்டிருந்தான். பலம் போனதோடு புத்தியும் மங்கிவிடும், ஏனென்றால் மூளைக்கும் அதே சர்க்கரைதான். கிழித்துக் கொடுத்தேன். நாலு பேரீச்சம்பழமும் கொடுத்தேன். “எவ்வளவு தூரம் இருக்கு?” என்று மட்டும் கேட்டான். உண்மையைச் சொல்லவில்லை. அரை மணி கழித்து இறக்கத்தில் சொய்யென்று என்னைக் கடந்து போனான், திரும்பிக்கூடப் பார்க்காமல். அந்த வயதில் சர்க்கரை எவ்வளவு சீக்கிரம் வேலை செய்கிறது!

இறக்கத்தில் எல்லோரும்தான் என்னைக் கடந்து போகிறார்கள். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. 80 கிலோ எடை ஆயிரம் மீட்டர் கீழே வரும்போது வெளிப்படும் ஆற்றல் கிட்டத்தட்ட 785 கிலோஜூல். இரண்டு லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். வேகமாக இறங்குகிறவர்கள் அதில் பெரும்பகுதியைக் காற்றில் கரைத்துவிடுகிறார்கள். என்னைப் போலப் பயந்து பயந்து பிடிக்கிறவர்களின் பிரேக்குக்குத்தான் அத்தனையும் போகிறது. அதனால் கோழை இறங்கும் முறை என்று ஒன்று உண்டு: நேர்ச்சாலையில் விட்டுவிட வேண்டும், வளைவுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சைக் காற்றுக்குக் காட்டி, இரண்டு பிரேக்கையும் அழுத்தமாக, சுருக்கமாகப் பிடித்து விட்டுவிட வேண்டும். விடாமல் தேய்த்துக்கொண்டே வருவதுதான் ஆபத்து. வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கைத் தொடக் கூடாது. கண் போகிற இடத்துக்குத்தான் சக்கரம் போகும், ஆகவே பள்ளத்தைப் பார்க்காமல் வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். சொல்வது சுலபம். பள்ளம் பெரிதாக இருந்தால் கண் தானாக அங்கேதான் போகிறது.

தொழில்முறை வீரர்களின் இறக்க வித்தைகளை அமெச்சூர்கள் காப்பியடிப்பதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. 2016 டூரில் கிறிஸ் ஃப்ரூம், இருக்கையிலிருந்து இறங்கிக் குறுக்குக் குழாயில் உட்கார்ந்து, மார்பைக் கைப்பிடியில் படுக்கப் போட்டு மிதித்தபடி பேய்ரசூர்து கணவாயிலிருந்து இறங்கி அன்றைய கட்டத்தையே ஜெயித்தார். அதைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் குழாயில் உட்கார ஆரம்பித்தது. குழாயில் உட்காருவதைச் சர்வதேச சைக்கிள் சங்கமே 2021-இல் தடை செய்துவிட்டது. இருந்தும் இந்தப் பருவத்தில், நூற்று ஐம்பதாவது இடத்துக்காகக் குழாயில் உட்கார்ந்து போன ஒருவரைப் பார்த்தேன். அவருக்குச் சாலை மூடப்பட்டிருந்ததா, எதிரே வண்டி வருமா என்பதெல்லாம் பிரச்சினையாகவே தெரியவில்லை.

பருவத்தின் நடுவில் வந்த பந்தயத்தைத்தான் அதிகமாக நினைத்துக்கொள்கிறேன். காலையில் நல்ல வெயில். மலையில் கோடைகாலத்து வெயில் நம்பக்கூடியதல்ல என்பது மலையில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்குத் தெரியும். சரிவுகள் சூடாக, சூடான காற்று மேலே ஏற, பத்து மணிக்குப் பஞ்சுப் பஞ்சாக ஒன்றிரண்டு மேகம் தெரியும். பன்னிரண்டு மணிக்கு அவை ஒன்றுசேர்ந்து உயரமாக வளரும். இரண்டு மணிக்கு இடி. அன்று ஒரு மணிக்கே ஆரம்பித்துவிட்டது. கடைசிக் கணவாய் 2,500 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கீழே சாதாரணமாகப் போடும் மிதிக்கு அங்கே வாயைப் பிளக்க வேண்டியிருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறரை டிகிரி குறையும் என்பதும் சேர்ந்துகொள்ள, உச்சியில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழையில் பனிக்கட்டி கலந்திருந்தது.

ஏறும்வரை குளிர் தெரியாது. மிதிக்கிற உடம்பு தானே அடுப்பு. இறங்க ஆரம்பித்ததும் மிதி நின்றுவிடும், அடுப்பு அணைந்துவிடும், காற்று மட்டும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மேலே மோதும். 5 டிகிரி என்பது தோலுக்குப் பூஜ்யத்துக்கும் கீழே. 1988-இல் இத்தாலியச் சுற்றுப் பந்தயம் பனிப்பொழிவில் காவியா கணவாயைத் தாண்டிய நாள் சைக்கிள் உலகில் பெரிய கதை. ஏறுகிறபோது இருந்த கஷ்டத்தைவிட இறங்குகிறபோது பட்ட பாட்டைத்தான் அன்று ஓட்டியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். அமெரிக்க வீரர் ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் குழு, வானிலையைக் கேள்விப்பட்டு, பனிச்சறுக்குக் கடையில் தடிமனான கையுறையும் கம்பளித் தொப்பியும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தது. அன்றைய கட்டத்தை ஜெயித்தவர் எரிக் பிரொய்கிங்க். ஆனால் மொத்தத்தில் முன்னணியில் இருப்பவருக்கான தலைமைச் சட்டையைப் போட்டுக்கொண்டது ஹாம்ப்ஸ்டன், கடைசியில் பந்தயத்தையே ஜெயித்ததும் அவர்தான்.

எங்களுக்குக் குழுவும் இல்லை, கம்பளித் தொப்பியும் இல்லை. உச்சியில் தண்ணீர் கொடுக்க நின்ற தன்னார்வலர் ஒருவர், சாமான் சுற்றிவந்த செய்தித்தாள்களைக் கிழித்து ஆளுக்கு இரண்டு தாள் நீட்டிக்கொண்டிருந்தார். சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துச் செருகிக்கொண்டால் காற்று உள்ளே புகாது. அந்தக் காலத்திலிருந்து இருக்கும் வழக்கம்தான். பச்சைச் சட்டைக்காரருக்கும் எனக்கும் ஒரே பத்திரிகையின் இரண்டு பாதி கிடைத்தது. இறங்கினோம். மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்குள் விரல்கள் மரத்துப்போய், பிரேக்கை இரண்டு விரலால் பிடிப்பதை விட்டு முழுக் கையால் இழுத்துக்கொண்டிருந்தேன். குளிரில் தோள் நடுங்கினால் கைப்பிடி நடுங்கும், கைப்பிடி நடுங்கினால் முன்சக்கரம் ஆடும். முழங்காலை மேல்குழாயில் அழுத்தி வைத்தால் ஆட்டம் நிற்கும். அப்படித்தான் வந்தோம், அவர் ஒரு வளைவு முன்னால், நான் ஒரு வளைவு பின்னால். வெள்ளைக் கோட்டில் ஈரத்தோடு சக்கரம் ஏறினால் வழுக்கும் என்பதால் ஒவ்வொரு கோட்டையும் சுற்றிச் சுற்றி. அடிவாரத்தில் மழை நின்றிருந்தது. தலைக்கவசத்தின் வாரைக் கழற்ற முடியாமல் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். இன்னொருவர் வந்துதான் இருவருக்கும் கழற்றிவிட்டார். சட்டைக்குள்ளிருந்து பச்சைச் சட்டைக்காரர் தாளை உருவியபோது மையெல்லாம் நெஞ்சில் ஒட்டியிருந்தது. “நாளைக்கு வானிலை என்ன போட்டிருக்கு?” என்று கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டு, “விளையாட்டுப் பக்கம்தான் தெரியுது” என்றார். அன்றுதான் பெயரைக் கேட்டுக்கொண்டோம்.

பந்தயங்களுக்கு இடைப்பட்ட நாட்கள்தான் அதிகம் என்பதால் அவற்றையும் சொல்ல வேண்டும். போட்டி போட்டால் மலையை ரசிக்க முடியாது என்று ஒரு வாதம் இருக்கிறது. அடிக்கடி கேட்கிறேன், பெரும்பாலும் மலைக்கு வராதவர்களிடமிருந்து. எனக்கு நேர்மாறான அனுபவம். எண் குத்திக்கொண்டு ஓட்டியதால்தான் மலையைக் கவனிக்கக் கற்றுக்கொண்டேன். பகலில் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும், இரவில் திரும்பிக் கீழ்நோக்கி இறங்கும் என்பதை ஏதோ ஒரு பந்தயத்தில் எதிர்க்காற்றைத் திட்டித் திட்டித்தான் தெரிந்துகொண்டேன். இப்போது கூடாரம் போடும்போது வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று அதை வைத்தே முடிவு செய்கிறேன். பள்ளத்தின் அடியில் ஓடையோரம் சமமான புல்தரை பார்க்க அழகாக இருக்கும். இரவில் குளிர்ந்த காற்று வழிந்து வந்து தேங்குகிற இடமும் அதுதான். சரிவில் ஐம்பதடி மேலே போய்ப் படுத்தால் கூடாரத்துத் துணி காலையில் சொட்டச் சொட்ட நனைந்திருக்காது.

பந்தயம் இல்லாத வாரக்கடைசிகளில் சைக்கிளை ஒரு இடத்தில் பூட்டிவிட்டு நடப்பேன். இறங்கு நடை சைக்கிள் ஓட்டிகளுக்குப் பெரிய தண்டனை. மிதிக்கும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கி நடக்கும்போது நீண்டபடியே பாரம் தாங்குகிறது. நூறு கிலோமீட்டர் மலை ஏறிய தொடை, இரண்டு மணி நேர இறங்கு நடைக்கு அடுத்த நாள் படியிறங்க விடாது. ஆனால் நடக்கும்போதுதான் சாலை எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்பது புரிந்தது. மேலே ஒரு முகட்டில் நின்று பார்த்தால், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறிய ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் தெரிந்தது: இங்கே பாறை, அங்கே ஓடை, அதற்கப்பால் மண் சரியும் இடம். ஸ்டெல்வியோ கணவாய்க்கு ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். 1820-களில், எஞ்சின் வண்டிகள் வருவதற்கு வெகு காலம் முன்பு, குதிரைகளும் பீரங்கிகளும் போவதற்காகப் போட்டது. குதிரைக்கு எது சுகமான சரிவோ அதுவேதான் சைக்கிள்காரனுக்கும். பழைய மலைச்சாலைகள் நம்மை மன்னிப்பதும், புதிதாக நேரே வெட்டிய சாலைகள் கொல்வதும் இதனால்தான்.

உச்சியில் நின்று நிதானமாகச் சுற்றிப்பார்த்த பந்தயவீரர் ஒருவரும் சரித்திரத்தில் உண்டு. 1954 டூரில் ஃபெடரிகோ பாமோந்தெஸ் எல்லோரையும் விட்டுவிட்டு ரொமேயேர் கணவாயில் முதலாவதாக ஏறி, இறங்காமல் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டார். சக்கரத்தில் கம்பி உடைந்திருந்ததாம், உதவி வண்டி வரும்வரை காத்திருந்தாராம். இறக்கத்துக்குப் பயந்துதான் துணைக்கு ஆள் வரட்டும் என்று நின்றார் என்றும் சொல்வார்கள். இரண்டாவது காரணம் உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த ஆண்டு சிறந்த மலையேறிக்கான ‘மலைகளின் அரசன்’ பட்டம் அவருக்குத்தான். 1959-இல் டூரையே ஜெயித்தார்.

இன்னொன்று: எடை. மலைக்காரர்களோடு உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் பேச்சு கிராமுக்கு வந்துவிடும். சர்வதேசப் பந்தயங்களில் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. எங்கள் சைக்கிள்கள் எட்டு, எட்டரை. ஒரு கிலோ குறைந்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் முக்கால் நிமிடம் மிச்சம் என்பது கணக்கு. நடுப்பட்டியலில் முக்கால் நிமிடம் என்பது பதினைந்து இடம், லேசான விஷயமல்ல. ஆனால் அந்தப் பெண்மணியின் சைக்கிள் எஃகுச் சட்டம், பத்துக் கிலோவுக்குக் குறையாது. அவரை ஏற்றத்தில் இந்தப் பருவத்தில் ஒரே ஒரு பந்தயத்தில்தான் என்னால் முந்த முடிந்தது. அதுவும் அவர் டியூப் மாற்ற நின்றிருந்தபோது.

கடைசிப் பந்தயம் இலையுதிர்காலத் தொடக்கத்தில். இரண்டு ஏற்றம், எல்லைக்கோடு இரண்டாவதின் உச்சியில். இறங்கி முடிக்க வேண்டியதில்லை என்பதே எனக்குப் பாதி வெற்றி. முதல் உச்சியில் பச்சைச் சட்டைக்காரரும் நானும் சேர்ந்திருந்தோம். இறக்கத்தில் வழக்கம்போலப் போய்விட்டார். இரண்டாவது ஏற்றத்தின் அடியில் அவர் முதுகு நானூறு மீட்டருக்கு அப்பால் புள்ளியாகத் தெரிந்தது. துரத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்க வேண்டும். வளைவுக்கு வளைவு எண்ணிப் பார்த்தேன்: அவர் ஒரு மரத்தைத் தாண்டிய நொடியிலிருந்து நான் தாண்டும்வரை முதலில் எண்பது, பிறகு அறுபத்தைந்து, பிறகு நாற்பது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. கடைசி இரண்டு கிலோமீட்டரில் கெண்டைக்கால் நரம்பு தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டேன். வலது காலில் சங்கிலி மசி பட்ட பல் அடையாளம். பக்கத்தில் போனதும் ஓரக்கண்ணால் பார்த்து, “இவ்வளவு நேரம் எங்க போனீங்க?” என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அந்த நொடியில் எழுந்து நின்று மிதித்துப் போய்விட்டார். ஆறு நொடி வித்தியாசம். அடுத்த இடம் எனக்கு. எங்களுக்கு நாலு நிமிடம் முன்பே வந்துவிட்ட அந்தப் பெண்மணி, உடை மாற்றிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினார்.

முதல் பனி விழுந்து கணவாயை மூடுவதற்கு முன்னால் அதே மலைக்கு நாங்கள் மூவரும் இன்னொரு முறை போனோம். எண் இல்லை, நேரம் எடுக்கும் சிப் இல்லை, பையில் தடித்த சட்டையும் வயிறு நிறையச் சாப்பாடும். ஏற்றம் முழுக்கப் பேசிக்கொண்டே போனோம்: முழங்கால், வேலை, பிள்ளைகள், எந்த டயர் ஈரத்தில் பிடிக்கும். உச்சிக்கு ஒரு கிலோமீட்டர் என்று எழுதிய கல்லைத் தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது. பச்சைச் சட்டைக்காரர்தான் முதலில் வேகம் கூட்டினார் என்று நான் சொல்கிறேன். நான்தான் என்று அவர் சொல்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்கிறோம் என்பது பின்னால் வந்த பெண்மணியின் சாட்சியம். பின்னால் வந்தது அந்தக் கிலோமீட்டரின் முதல் பாதியில் மட்டும்தான்.